கருங்குறும்பை மேயும் கரிசல் நிலம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் பயணம் செய்தால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் பின்தங்கிவிடுகின்றன. மேற்கே பச்சைமலை ஒரு நீலக்கோடாகத் தெரிய, கிழக்கே கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கரிசல் மண் விரிந்து கிடக்கிறது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகிய மூன்றுமே இன்று அந்த மண்ணின் செல்வம்.

1995ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது பெரம்பலூர். அதிலிருந்து 2001இல் பிரிந்தது அரியலூர். 2002இல் மீண்டும் தாய் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் இரண்டாம் முறையாகத் தனிக்குடித்தனம் போனது. தாய் வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் அலைந்த புது மணப்பெண்ணைப் போன்ற வரலாறு! கோடுகள் எப்படிப் போடப்பட்டாலும் இரண்டுக்கும் வெயில் ஒன்றே, வறட்சியும் ஒன்றே.

இப்பகுதிக்கு வருவோர் பெரும்பாலும் பழமையைத் தேடி வருகிறார்கள். சாத்தனூரில் கல்லாகிப்போன பெருமரம் ஒன்று தரையில் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகிற்கு அறிவித்த மரம் அது. பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதற்குச் சான்று. நெடுஞ்சாலையோரம் உள்ள வாலிகண்டபுரம், பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியின் இருப்பிடமாக இருந்தது. 1670களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்ற இடம் கொடுத்தவர் அவரே. அதற்குச் சற்று வடக்கே இரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் முகம்மது அலியின் தரப்பும் சந்தா சாகிபின் தரப்பும் மோதிய போரை அதன் மதில்கள் கண்டிருக்கின்றன. கோட்டைக்குள் பள்ளிவாசலும் உண்டு.

இவையெல்லாம் காணத் தக்கவைதாம். ஆயினும் நாம் இம்முறை சென்றது கோட்டையையோ கல்மரத்தையோ காண அன்று. அக்கோட்டையின் நிழலில் மேயும் ஓர் ஆட்டைக் காண!

அந்த ஆட்டின் பெயர் திருச்சி கருங்குறும்பை. தமிழ்நாட்டின் செம்மறி இனங்கள் என்று ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் பதிவு செய்து வைத்திருப்பவற்றுள் இதுவும் ஒன்று. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இனம் இருப்பதுபோல், பெரம்பலூர், அரியலூர், திருச்சிப் பகுதிக்கு உரியது இது. உடல் முழுவதும் கறுப்பு. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. சிறிய காதுகள் கீழ்நோக்கி முன்புறம் சாய்ந்திருக்கும். வால் குட்டை. வளர்ந்த கிடா ஏறக்குறைய 25 கிலோ எடை இருக்கும். பெட்டை அதனினும் சிறியது. சந்தையில் இந்த ஆட்டின் தலையெழுத்தை எழுதுவது இந்த எடைதான்.

தமிழகத்தின் செம்மறிகளில் பெரும்பாலானவை மேனியில் மயிர் மட்டும் உடையவை; கம்பளி தருவன அல்ல. கருங்குறும்பையோ கம்பளி உடையது. மிக முரடான, தளர்ந்த கம்பளி. மேலங்கி நெய்ய உதவாது. ஆனால் கம்பளம் நெய்ய உதவும். சாயம் ஏற்ற வேண்டிய தேவையே இல்லாத இயற்கைக் கறுப்பு.

இரஞ்சன்குடிக்கு அருகே, மக்காச்சோளம் அறுத்த தாள் நிலத்தில் ஒரு மந்தையைக் கண்டோம். எழுபது எண்பது உருப்படிகள் இருக்கும். தொலைவிலிருந்து பார்த்தபோது கரிசல் மண்ணே எழுந்து நடப்பது போல இருந்தது. தோளில் கம்பளியும் கையில் தொரட்டியுமாக நின்ற பெரியவர், வெள்வேல மரத்தின் கிளையை உலுக்கிக் காய்களை உதிர்த்துக்கொண்டிருந்தார். வெள்வேலங்காய் என்றால் இந்த ஆடுகளுக்கு அல்வாவைப் போன்றது. உதிரும் ஓசை கேட்டதும் மந்தை முழுவதும் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது.

“எல்லாமே கருங்குறும்பைதானா ஐயா?” என்று கேட்டோம்.

“பாதிதான் பாய். அந்தப் பக்கம் செவப்பு ஓடுதே, அதெல்லாம் மேச்சேரிக் கலப்பு. கிடா வெளியிலேருந்து வந்துச்சு. குட்டி பெருசா விழுது, யாவாரி காசு கூடக் கொடுக்கிறான். நான் மட்டும் எத்தனை நாளைக்குக் கறுப்பையே கட்டிக்கிட்டு அழுவேன்?”

அந்தப் பெரியவரின் தோளில் கிடந்த கம்பளி அவருடைய தந்தை காலத்தது. மழை வந்தால் அதையே கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார். பனியில் போர்வை, பகலில் விரிப்பு, குட்டி ஈன்றால் அதற்குத் தொட்டில். குறும்பர் சமூகத்தார் இந்த ஆட்டின் உரோமத்தைக் கத்தரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, ராட்டையில் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கூழ் ஊட்டி, குழித்தறியில் நெய்த கம்பளிகள் ஒரு காலத்தில் ஊர்தோறும் விற்றன. தக்காணத்தில், தெலங்கானாப் பகுதியில், கறுப்புச் செம்மறியின் உரோமத்தில் நெய்யும் கொங்கடி என்னும் கம்பளியும் இதன் உறவுதான். பின்னர் என்ன நடந்தது? பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து மீண்டும் நூலாக்கி, பானிப்பட்டு ஆலைகளில் நெய்யப்படும் போர்வைகள் மலிவாக வந்து குவிந்தன. கைத்தறிக் கம்பளிக்கு விலை கேட்பார் இல்லாமற்போயினர். இப்போது உரோமத்தை வெட்டுவதற்குக் கொடுக்கும் கூலிகூட உரோமத்தில் திரும்பக் கிடைப்பதில்லை என்றார் பெரியவர். வெட்டாமலும் விட முடியாது. கோடையில் ஆடு வாடிவிடும், உண்ணி ஏறிவிடும்.

ஆக, கம்பளியால் இந்த ஆட்டுக்கு இருந்த மதிப்புப் போயிற்று. தோலால் வந்திருக்க வேண்டிய மதிப்பும் வரவில்லை. கம்பளி ஆட்டின் தோலைவிட மயிர் ஆட்டின் தோலே பதனிடச் சிறந்தது என்பது தோல் வணிகத்தின் கணக்கு. மேச்சேரித் தோலுக்கு அதனால்தான் அத்தனை புகழ். நம் சமுதாயத்தின் பெரும் செல்வம் தோலிலிருந்து வந்தது என்பதை மறக்கலாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் ஊர்களின் கதை அதுவே. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியை நிறுவிய பெருந்தகைகளின் செல்வமும் தோல் வணிகத்தில் ஈட்டியதே. அந்தச் செல்வத்தில் கல்வி பெற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஆனால் கறுப்பு ஆட்டுக்கு அந்தச் சந்தையில் பின்வரிசையே கிடைத்தது.

மிஞ்சியவை இரண்டு: இறைச்சியும் எருவும்.

எருவைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். ஆட்டெரு அவ்வாண்டு, மாட்டெரு மறு ஆண்டு என்பது உழவர் பழமொழி. ஆட்டுப் புழுக்கை விரைவில் மண்ணோடு கலந்து அந்தப் பயிருக்கே பயன் தரும். அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் மந்தையைப் பட்டி அடைத்து நிறுத்தினால் புழுக்கையோடு சிறுநீரும் நிலத்திலேயே இறங்குகிறது. கூடையில் அள்ளிக் கொண்டுவரும் எருவில் அந்தச் சத்து இராது. பட்டி போடுவதற்கு நிலக்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி தருவார். முன்பு தானியமாக, இப்போது பணமாக. சின்ன வெங்காயம் நடும் நிலத்துக்குக் கிடை எருவைப் போன்றது வேறில்லை என்று இப்பகுதி உழவர்கள் சத்தியம் செய்கிறார்கள். கனமான செம்மறிகளைக் காட்டிலும் இந்தச் சிறிய ஆடு நெடுந்தூரம் நடக்கும், தாளையும் சருகையும் மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், கரிசல் சேற்றில் சிக்கித் தவிக்காது என்பதும் அவர்கள் சொல்வதே.

பெரம்பலூரைவிட அரியலூர்ப் பக்கம் மேய்ச்சலுக்கு நெருக்கடி மிகுதி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் அந்த மாவட்டத்தின் முகம். சாலையில் லாரிகளின் வரிசை. இலைகளின் மேல் வெண்தூசி. தோண்டி முடித்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி, கடல்போல் நீலமாய் நிற்கிறது. புறம்போக்கும் மேய்ச்சல் தரையும் குறைந்த இடத்தில் எஞ்சியிருப்பவை ஏரிகளே. 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டி ஏரி அவற்றுள் புகழ்பெற்றது. பறவைக்கு ஒரு சரணாலயம் கிடைத்தது; அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாய் மேய்ந்த கால்நடைக்கு எங்கே போவது என்பதற்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் விடை காணோம்.

அரியலூரிலிருந்து மீண்டும் பெரம்பலூர் மாவட்டத்திற்குள் வந்து, குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் லெப்பைக்குடிக்காட்டுக்குச் சென்றோம். பெயரே சொல்லும், அது நம் மக்கள் செறிந்து வாழும் ஊர் என்று. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குக் காத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய உண்டு. அப்படிச் சென்று, பாலை மணலில் பதினான்கு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய சகோதரர் ஒருவர் அவ்வூருக்கு அண்மையில் ஐந்து ஏக்கர் நிலத்தில் பயிரும் கால்நடையும் சேர்த்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டே போயிருந்தோம். லுஹர் தொழுகைக்குப் பின் நிலத்துக்கு அழைத்துச் சென்றார்.

ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம், இரண்டில் மக்காச்சோளம், ஒன்றில் பருத்தியும் ஊடே துவரையும், எஞ்சியதில் தீவனச் சோளமும் வேலி ஓரத்து மரங்களும். இரண்டு நாட்டுப் பசுக்கள், ஒரு சோடிக் காளை, ஐம்பத்திரண்டு செம்மறிகள். செம்மறிகள் அத்தனையும் கறுப்பு!

மாட்டைப் பற்றி அவர் அதிகம் பெருமை பேசவில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே போனால் உம்பளச்சேரி, மேற்கே போனால் காங்கேயம் என்று பெயர் பெற்ற இனங்கள் உண்டு. இடைப்பட்ட இந்த நிலத்தின் நாட்டு மாட்டுக்கு அப்படி விருதுப்பெயர் இல்லை. பசு ஒன்று வேளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. பக்கத்து வீட்டு ஜெர்சிக் கலப்பு அதைப்போல் பல மடங்கு கறக்கிறது. பால் விற்றுப் பிழைப்பவர் நாட்டு மாடு வைத்திருக்க முடியாது என்பதே உண்மை. நாட்டு மாட்டுப் பாலில் எல்லா நோய்க்கும் மருந்து இருப்பதாக இப்போது பரப்பப்படும் கதைகளை நாம் வழிமொழியவும் இல்லை. காளைகளுக்காகவே பசுக்களை வைத்திருப்பதாக அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. டிராக்டர் உழுது போட்டுவிட்டுப் போய்விடும். பருத்தி முழங்கால் உயரம் வளர்ந்த பின் வரிசைகளுக்கு நடுவே நுழைந்து களை ஓட்ட டிராக்டரால் ஆகாது. சிறிய உடம்பும் சுறுசுறுப்பான காலும் உள்ள நாட்டுக் காளைக்கே அது கைவந்த வேலை. களையெடுக்கும் ஆள்கூலி மிச்சமாகிறது.

செம்மறிக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தில் விழுந்து இம்மாவட்டங்களைச் சூறையாடியதை வாசகர்கள் நாளிதழ்களில் படித்திருக்கலாம். அவ்வாண்டு அவர் வீட்டுச் செலவைத் தாங்கியது பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகள். “ஒரு வெள்ளாமை போனா இன்னொண்ணு கை கொடுக்கும். எல்லாத்தையும் ஒரே பயிர்ல போட்டிருந்தா நான் திரும்பவும் விசாவுக்குத்தான் அலைஞ்சிருப்பேன்,” என்றார். நாட்டு ஆடு நோயே காணாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கவும் இல்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்காலத்தில் சிறு பூச்சிகள் கடித்துப் பரப்பும் நீலநாக்கு நோய்க்கும் தவறாமல் தடுப்பூசி போடுகிறார். இளஞ்சோளப் பயிரில் ஆட்டை விடுவதில்லை. வெயிலில் வாடிய இளஞ்சோளம் நஞ்சு என்பது இப்பகுதிச் சிறுவனுக்கும் தெரியும்.

ஐம்பத்திரண்டு ஆடுகள் ஆண்டின் பெரும்பகுதி வெளியில் மேய்ந்தே வளர்வதால் அவற்றுக்கு ஜகாத் கடமை. நாற்பதிலிருந்து நூற்றிருபது வரை ஓர் ஆடு. நூற்றிருபத்தொன்று முதல் இருநூறு வரை இரண்டு; அதன்மேல் நானூறு ஆகும் வரை மூன்று. பணத்துக்கும் நகைக்கும் ஜகாத் கணக்குப் பார்க்கும் நம் இல்லங்களில் ஆட்டின் கணக்கை அறிந்தோர் இன்று அரிது. இந்தக் கணக்கைப் பேசும்போதுதான் அவர் நம்மை வியக்க வைத்த செய்தியைச் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் ஜகாத் வசூலிக்கும் அதிகாரிக்கு இட்ட கட்டளை இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. இறைச்சிக்கென்று கொழுக்க வைத்த ஆட்டை எடுக்காதே. குட்டிக்குப் பாலூட்டும் தாயை எடுக்காதே. சினை ஆட்டை எடுக்காதே. மந்தையின் பொலி கிடாவை எடுக்காதே. நடுத்தரமானதை எடு என்பது அதன் கருத்து. மேய்ப்பனின் மந்தை மறு ஆண்டும் மந்தையாக இருக்க வேண்டும் என்னும் அக்கறை அதில் தெரிகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் இளமையில் மக்கத்து மக்களின் ஆடுகளை மேய்த்தவர்கள் அல்லவா?

இனி இறைச்சிக்கு வருவோம். இங்கேதான் நம் இல்லங்களுக்கும் இந்த ஆட்டுக்கும் நேரடி உறவு.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது வியாபாரிகள் ஊர் ஊராக வருகிறார்கள். கொம்புள்ள, ஊனமற்ற, நன்கு வளர்ந்த கிடாவையே குர்பானிக்குத் தேடுகிறோம், தேடவும் வேண்டும். குருடு, நொண்டி, நோயாளி, எலும்பும் தோலுமானது கூடாது. செம்மறிக்கு ஓராண்டு நிறைய வேண்டும். ஹனபி மத்ஹபில் ஆறு மாதம் நிறைந்து ஒரு வயது ஆட்டைப்போல் தோற்றம் இருந்தாலும் போதும். விளைவு என்ன? மந்தையில் எந்தக் குட்டி வேகமாக வளர்கிறதோ அது முதலில் விலை போகிறது. பெருநாளுக்கு மட்டுமன்று, வாரச் சந்தைக்கும் இதே கதைதான். விலை போகாமல் எஞ்சி நிற்கும் மெலிந்த கிடாவே பெட்டைகளுக்குப் பொலி கிடாவாகிறது. இப்படிப் பத்து ஆண்டு நடந்தால் மந்தை முழுவதும் சிறுத்துப்போகும். பிறகு, “நாட்டு ஆட்டில் சதையே இல்லை” என்று சொல்லி வெளியூர்க் கிடாவைக் கொண்டுவந்து விடுகிறோம். இனத்தைக் கெடுத்தது இனம் அன்று. நாம் தேர்ந்தெடுத்த முறை!

வெள்ளாற்றங்கரைச் சகோதரர் இதற்குக் கண்ட வழி எளியது. ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் கிடாக் குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து எடை போட்டுக் குறித்து வைக்கிறார். பள்ளிக்கூட நோட்டு ஒன்று, அவ்வளவுதான். அவற்றுள் சிறந்த இரண்டை, வியாபாரி எவ்வளவு கொடுத்தாலும் விற்பதில்லை. மற்றவற்றுக்கு இளமையிலேயே காய் அடித்து வளர்க்கிறார். காய் அடித்த கிடா குர்பானிக்குத் தகும். நபி (ஸல்) அவர்களே அத்தகைய கிடாக்களைக் குர்பானி கொடுத்ததாக ஹதீஸ் உண்டு. பொலி கிடாவை இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே மந்தையில் வைப்பதில்லை. வைத்தால் தன் பெண் குட்டிகளோடே சேரும், இனம் நலியும். இரண்டு ஆண்டு முடிந்த கிடாவை வேறு கறுப்பு மந்தைக்கு மாற்றுகிறார். அங்கும் பணி முடிந்த பின் அது பெருநாளுக்கு விற்பனைக்கு வரும். அப்போது அதற்கு நான்கு, ஐந்து வயது. முழுமையாகப் பல் விழுந்து முளைத்த, முறுக்கிய கொம்புடைய கிடா. தன் வழித்தோன்றல்களை விட்டுவிட்டே வருகிறது. குர்பானிக்கு ஆடு தேடும் வாசகர்கள் இப்பகுதி வியாபாரியிடம், “பொலிக்கு விட்டு ஓய்ந்த கறுப்புக் கிடா இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்க்கலாம். கறி சற்று முற்றலாக இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்; இல்லத்தரசிகள் அடுப்பில் கூடுதலாக அரை மணி நேரம் வைக்க நேரும்.

இதுபோன்ற கதை உலகில் வேறெங்கும் இல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பூர்வகுடியினரான நவஹோ மக்களுக்கு சூரோ என்றொரு செம்மறி இனம் இருந்தது. முரட்டுக் கம்பளி, அதில்தான் அவர்களின் புகழ்பெற்ற விரிப்புகள் நெய்யப்பட்டன. 1930களில் மேய்ச்சல் நிலம் பாழாகிறது என்று சொல்லி அந்நாட்டு அரசே அம்மந்தைகளைப் பெருமளவில் அழித்தது. 1970களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. லைல் மெக்நீல் என்னும் கால்நடைப் பேராசிரியர் 1977இல் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி வளர்க்கத் தொடங்கினார். அந்த ஆடுகள் மீண்டும் நவஹோ வீடுகளுக்கே திரும்பின. அங்கே தறி உயிரோடு இருந்ததால் ஆட்டுக்கும் மதிப்பு இருந்தது. நம் பக்கம் தறி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஆகவே இங்கே அந்த ஆட்டைத் தாங்க வேண்டியவை கிடை எருவும் பெருநாள் சந்தையுமே.

விடைபெறும்போது, இரஞ்சன்குடியில் கண்ட பெரியவரைப் பற்றியும், அவர் மந்தையில் பாதி இன்னும் கறுப்பாக இருப்பதைப் பற்றியும் சகோதரரிடம் சொன்னோம். அவர் உடனே நோட்டை எடுத்தார். அவரிடம் இருந்த இரு பொலி கிடாக்களுள் ஒன்றுக்கு அவ்வாண்டோடு தவணை முடிகிறது. அதை அனுப்பி, அங்கிருந்து கலப்பில்லாத கிடாக்குட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டுவரச் சொன்னார். திரும்பும் வழியில் பெரியவரைப் பார்த்துச் செய்தியைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கொம்பு எத்தனை சுத்து?” என்று கேட்டார். ஒன்றரை என்றோம். கிடாவுக்குக் கிடா, நடுவில் பணப் பேச்சு இல்லை, வண்டி வாடகை ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசி முதல் வாரத்தில், குட்டியானை வண்டியில் அந்தக் கிடா வெள்ளாற்றங்கரையிலிருந்து இரஞ்சன்குடிக்கு வந்து சேரும்.